மாங்கூழ் ஆலையை யாரிடம் ஒப்படைப்பது: மகனிடமா, மேஸ்திரியிடமா, ஓசூர் மேலாளரிடமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தொன்பது பருவங்கள் வேலை பார்த்தவள் என்ற முறையில், ஆலை நடத்துகிற சிலர் தங்கள் குடும்பத்தாரிடம்கூடப் பேசத் தயங்குகிற ஒரு கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. கடந்த தை மாதத்தில், காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நடுத்தர அளவில் ஆலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்து, மூன்று பேரைக் குறிப்பிட்டு, “இந்த மூணு பேர்ல யார்கிட்ட பொறுப்பைக் கொடுக்கலாம்? மனசுல பட்டதை நேரா சொல்லுங்கம்மா” என்றார். ஒருவர் அவருடைய மூத்த மகன். இன்னொருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆலையிலேயே இருந்து, கூலியாளாக நுழைந்து உற்பத்தி மேற்பார்வை வரை உயர்ந்த மேஸ்திரி. மூன்றாமவர் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருந்து, சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிட விரும்பும் பொறியாளர். அன்று நான் சொன்ன பதிலையும், சொல்லும்போது விட்டுப்போன சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் மற்ற ஆலைக்காரர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஆளை ஒப்பிடுவதற்கு முன் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாங்கூழ் ஆலையின் ஓராண்டு இரண்டு தனித்தனி வேலைகளைக் கொண்டது. மே மாதத்தில் அல்போன்சா வரத் தொடங்கி, ஜூன், ஜூலையில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நாம் அழைக்கும் தோத்தாபுரி குவிந்து முடியும் வரையிலான ஏறத்தாழ எழுபது நாட்கள் முதல் வேலை. அந்த நாட்களில் லாரிகள் வாசலில் வரிசை கட்டும். பழுக்கவைக்கும் கிடங்கில் பழம் தன் வேகத்தில் பழுக்கும். பழுத்தது ஒரு நாள்கூடக் காத்திருக்காது. இரண்டு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூழ் என்ற கணக்கில், இரவும் பகலும் உற்பத்தி லைன் ஓடி, 215 கிலோ பிடிக்கும் டிரம்களில் கிருமி நீக்கிய கூழ் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். மீதி ஒன்பது மாதங்களின் வேலை வேறு. டிரம்களை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விற்றாக வேண்டும், வங்கியின் பருவக் கடனைக் கட்டியாக வேண்டும், பாய்லரையும், பழத்தைக் கூழாக்கும் பல்ப்பரையும் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும், வாங்குபவரின் தணிக்கையாளர் வந்து ஏட்டைத் திறந்தால் எந்த டிரம்மில் எந்த நாள் பழம் இருக்கிறது என்று காட்ட முடிய வேண்டும்.

நிர்வாகம், தலைமை என்ற இரண்டு சொற்களை நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பிரான்சில் நிலக்கரிச் சுரங்கப் பொறியாளராகத் தொடங்கி, திவாலாகும் நிலையிலிருந்த ஒரு சுரங்க நிறுவனத்தை 1888-இல் ஏற்று 1918 வரை நடத்தி மீட்ட ஹென்றி ஃபயோல், நிர்வாகத்தின் பணிகளாக ஐந்தைக் குறிப்பிட்டார்: திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். அந்த ஐந்தும் நம் ஆலையின் ஒன்பது மாத வேலைக்கு அப்படியே பொருந்தும். எழுபது நாள் வேலைக்கும் அவை தேவைதான், ஆனால் போதாது. நடு இரவில், முதலாளி தூங்கிக்கொண்டிருக்க, நூற்றுக்கு மேற்பட்டோர் களைத்து நிற்கும் நேரத்தில், திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தால் அதைச் சொல்லவும் அதற்கேற்ப முடிவெடுக்கவும் மற்றவர்களுக்குத் துணிவு தருகிற ஓர் ஆள் அங்கே வேண்டும். தலைமை என்று நான் குறிப்பிடுவது அதைத்தான். மேடைப் பேச்சும் உரத்த குரலும் அதில் சேராது. ஆகவே மூவரையும் நான் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்தே ஒப்பிட்டேன்: கெட்ட செய்தி இவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும்?

இந்தக் கேள்வியை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் ஆறாவது பருவத்தில், வேறோர் ஆலையில், ஜூன் மாத இரவொன்றில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்கு இடையில், கூழைச் சூடாக்கும் குழாயில் வெப்பம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியது. வெப்பம் குறைந்தால் கூழைத் தானாகவே திருப்பி அனுப்ப வேண்டிய வால்வு, முந்தைய நாள் ஏதோ பழுதுக்காகக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றப்பட்டு, அப்படியே விடப்பட்டிருந்தது. இயந்திரத்தில் நின்ற இளைஞர் அதைக் கவனித்துவிட்டார். ஆனால் லைனை நிறுத்தியதற்காக இரண்டு நாள் முன்பு இன்னொருவர் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியதை அவர் பார்த்திருந்தார். எனவே வாயைத் திறக்கவில்லை. காலையில் பதிவுத்தாளைப் பார்த்தபோது கோடு கீழே இறங்கி ஏறியிருப்பதை நான் கண்டேன். ஆலைப் பொறுப்பாளரின் முகத்தை நினைத்து, மதியம் வரை அதைச் சொல்லாமல் இருந்தேன். அதற்குள் அந்த இரவின் டிரம்கள் மற்றவற்றோடு கலந்து அடுக்கப்பட்டுவிட்டன. எவை அந்தச் சில நிமிடங்களில் நிரம்பியவை என்று பிரிக்க முடியாமல் தொண்ணூறு டிரம்களை, அதாவது பத்தொன்பது டன்னுக்கு மேற்பட்ட கூழை, நிறுத்தி வைக்க நேர்ந்தது. மூன்றே வாரங்களில் டிரம்களுக்குள் கூழ் நிரப்பியிருந்த பைகளில் சில உப்பத் தொடங்கின.

அந்த ஆலையில் திட்டம் இருந்தது, அளவுக் கருவி இருந்தது, பதிவேடும் இருந்தது. நிர்வாகம் என்று ஏட்டில் எழுதப்படுகிற அனைத்தும் இருந்தன. அந்தப் பொறுப்பாளரும் கெட்டவர் இல்லை. கடுமையாக உழைப்பவர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். அவரிடம் போய் “தப்பு நடந்துவிட்டது” என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை என்பது மட்டுமே குறை. அந்த மதியம் வரை நான் மௌனமாக இருந்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

இனி மூவரிடம் வருகிறேன். நான்காவதாக, யாரிடமும் கொடுக்காமல் முதலாளியே தொடர்வது என்றொரு வழியும் உண்டு. முடிவைத் தள்ளிப்போடுகிற பலர் தம்மையறியாமல் தேர்ந்தெடுப்பது அதையே. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரை நோயோடு இரவு இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் ஒருவரிடம் அதைப் பற்றி அதிகம் விவாதிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மகனைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட அவர் பக்கத்தில் நியாயம் அதிகம். பருவக் கடனுக்கு வங்கி கேட்பது குடும்பச் சொத்தின் பத்திரத்தையும் குடும்பத்தாரின் கையெழுத்தையும்தான். சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோட்டக்காரர்களும், தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துப் பழம் கொண்டுவரும் வியாபாரிகளும், பணம் தாமதமாகும் ஆண்டில் பொறுத்திருப்பது அந்தக் குடும்பப் பெயரின் மேலுள்ள நம்பிக்கையால். கூழ் விலை படுத்திருக்கும்போது சரக்கை ஆறு மாதம் வைத்திருக்கலாமா, இழப்புக்கு விற்று வட்டியைக் குறைக்கலாமா என்ற முடிவை, அந்த இழப்பைத் தன் தலையில் சுமக்கிறவர் எடுப்பதே முறை. இவை எல்லாம் ஒன்பது மாத வேலையைச் சேர்ந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எழுபது நாள் வேலையில்தான் அவருக்குச் சிக்கல். முதலாளியின் மகனிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதை அவருடைய தகுதிக்காகக் கிடைத்ததா, பிறப்புக்காகக் கிடைத்ததா என்பதை அவரால்கூட அறிய முடியாது. பழம் வெட்டும் இடத்தில் நிற்கும் பெண்கள், கழுவும் தொட்டியில் தண்ணீர் மாற்றப்படவில்லை என்பதை மேஸ்திரியிடம் சொல்வார்கள், என்னிடமும் சொல்வார்கள். “சின்ன முதலாளி” வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து வேலை செய்வார்கள். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து நான்கு ஆண்டுகள் அலுவலக அறையில் அமர்ந்திருந்த ஒருவருக்கு இதை மாற்றுவது எளிதன்று. ஆனால் மாற்ற முடியாததும் அன்று. முழுதாக இரண்டு பருவங்கள், இரவு ஷிஃப்டில், மேஸ்திரியின் கீழே, பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே வேலை செய்த மகன்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஆட்கள் பேசுகிறார்கள். இந்த மகன் அதைச் செய்யவில்லை. ஆகவே இப்போதைக்கு அவர் தயாராகவில்லை என்று பெரியவரிடமே சொன்னேன்.

மேஸ்திரியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கிடங்கின் கதவைத் திறந்ததும் வாசனையை வைத்தே எந்த அடுக்கு நாளைக்கு ஓடும், எது நாளை மறுநாள் என்று சொல்லக்கூடியவர் அவர். தோத்தாபுரிக் கூழில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை என் கருவி காட்டுவதற்கு முன்பே அவர் நாக்கு பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருக்கும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுவார். எல்லை மாவட்டமான நம்மிடத்தில் அது அலங்காரமில்லை, ஆந்திரத்தின் குப்பம் பக்கத்திலிருந்து வரும் லாரி ஓட்டுநரோடும் கூலியாட்களோடும் நேரடியாகப் பேச அதுவே வழி. வட மாநிலங்களிலிருந்து பருவத்துக்கு வரும் இளைஞர்களிடம் உடைந்த இந்தியில் பேசி, அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் உட்கார்ந்திருப்பவரும் அவரே. கெட்ட செய்தி முதலில் போய்ச் சேர்வது அவரிடம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய குறை, செய்தி அவரைத் தாண்டி மேலே செல்லுமா என்பதில் இருக்கிறது. முதலாளியின் உப்பைத் தின்று வளர்ந்தவன் என்ற எண்ணம் அவருக்கு ஆழமாக உண்டு. அது நல்ல குணம். ஆனால் அதே குணம் “இன்று இனி லாரி உள்ளே விட முடியாது” என்று முதலாளியிடம் சொல்லவேண்டிய நேரத்தில் நாவைக் கட்டிவிடுகிறது. 2025 பருவத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். விளைச்சல் அளவுக்கு மீறி வந்தது, முந்தைய ஆண்டுகளின் கூழ் விற்காமல் கிடங்குகளில் கிடந்தது, தோத்தாபுரி விலை கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்தது. அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டத்தில் ஆலைகள் எட்டு ரூபாயும் ஆந்திர அரசு நான்கு ரூபாயும் தரவேண்டும் என்று பன்னிரண்டு ரூபாய் விலை நிர்ணயிக்கப்பட்டதோடு, வெளிமாநிலத் தோத்தாபுரிக்கு அங்கே தடையும் விதிக்கப்பட்டது. இங்கே விவசாயிகள் பழத்தோடு ஆலை வாசல்களில் காத்து நின்றார்கள்.

அந்த நாட்களில் வாசலில் எடுக்கப்பட்ட முடிவுகள்தான், ஆளைத் தேர்ந்தெடுக்க என்னிடமுள்ள மிகச் சிறந்த சான்று. நமக்குப் பல காலமாகப் பழம் தந்த தோட்டக்காரர்கள் கைகூப்பி நிற்கும்போது கதவை மூடுவது கொடுமை. கிடங்கு கொள்ளாத அளவுக்கு ஏற்றிக்கொண்டால் நான்காம் நாள் பாதிப் பழம் அழுகி, அவர்களுக்குத் தரவேண்டிய பணமும் இல்லாமல் போவது அதைவிடக் கொடுமை. மகன் அந்த வாரத்தில் விலையைக் கணக்கிட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று அதிகம் வாங்கச் சொன்னார். பெரியவர் மனம் இளகி, தெரிந்தவர்களின் லாரிகளை எல்லாம் உள்ளே விடச் சொன்னார். இருவருக்கும் காரணம் வேறு, விளைவு ஒன்றுதான். மேஸ்திரிக்குக் கிடங்கின் கொள்ளளவு விரல்நுனியில் இருந்தது. முதல் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் காலை பெரியவரைக் கிடங்குக்குள் கையைப் பிடித்து அழைத்துப்போய், அடியடுக்கில் கசியத் தொடங்கிய பழத்தைக் காட்டினார். ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. அன்று முதல், ஒவ்வொரு விவசாயிக்கும் எந்த நாள், எத்தனை டன் என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் முறை தொடங்கியது. வாசலில் கூச்சல் குறைந்தது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிர்வாகத்தைப் பற்றி எழுதிய மேரி பார்க்கர் ஃபாலெட், ஆணை என்பது ஒருவர் இன்னொருவருக்கு இடுவதாக இருக்கக்கூடாது, இருவரும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்து அந்த நிலைமை கோருவதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று வாதிட்டார். கசிந்த பழத்தைக் காட்டி முதலாளியின் முடிவை மாற்றிய மேஸ்திரி செய்தது அதைத்தான். இரண்டு நாள் தாமதமானது என்பதே என் மனக்குறை. அந்தத் தாமதத்துக்குக் காரணம் அவருடைய குணம் மட்டுமில்லை, கதவை மூடும் அதிகாரம் தனக்கு இருக்கிறதா என்று அவருக்கு யாரும் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. வேறு குறைகளும் உண்டு: தன் ஊர் ஆட்களுக்கு எளிய வேலையைத் தருவதாக மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது; வாங்குபவரின் மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுத அவரால் முடியாது.

ஓசூர்ப் பொறியாளரைச் சந்தித்துப் பேசியபோது எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்ததையும், டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கியதையும் ஒட்டி வளர்ந்த ஓசூரின் தொழிற்பண்பாடு நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய சொத்து, டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் தரத்துக்கான டெமிங் பரிசைப் பெற்ற ஊர் அது. அந்தப் பரிசுக்குப் பெயரான எட்வர்ட்ஸ் டெமிங், வேலையிடத்திலிருந்து அச்சத்தை வெளியேற்றாமல் தரம் வராது என்று வலியுறுத்தியவர். இந்தப் பொறியாளர் வேலை பார்த்த இடத்தில், பிழையைக் கண்ட தொழிலாளி யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தலாம். நிறுத்தியவரைத் தேடி மேலாளர் ஓடிவருவது உதவி செய்வதற்காக. அவர் அதை ஒரு சாதாரண விஷயம்போலச் சொன்னபோது, என் ஆறாவது பருவத்து இளைஞர்தான் நினைவுக்கு வந்தார். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடக் கூட்டம், இயந்திரப் பராமரிப்புக்கு நாட்காட்டி, டிரம் எண்ணிலிருந்து பழம் வந்த தோட்டம் வரை பின்னோக்கிச் செல்லும் பதிவு ஆகியவற்றை அவர் ஆறு மாதத்தில் கொண்டுவந்துவிடுவார்.

ஆயினும் அவரிடம் ஆலை முழுவதையும் இந்தப் பருவமே ஒப்படைக்க வேண்டாம் என்றேன். உதிரிபாகம் அலமாரியில் காத்திருக்கும், பழம் காத்திருக்காது. தோத்தாபுரியின் ஒரு பருவத்தைக் கண்ணால் பார்க்காமல் நடத்தத் தொடங்குபவர், தம் முதல் படிப்பினைக்குச் சில நூறு டன் பழத்தை விலையாகக் கொடுக்க நேரலாம். சம்பளத்தை நான் பெரிய தடையாகக் கருதவில்லை. பெரியவரின் மைத்துனரும் சித்தப்பா மகனும் நேராக உள்ளே சென்று ஆட்களுக்கு வேலை சொல்லும் பழக்கத்தையே தடையாகக் கருதுகிறேன். மேலாளர் ஒன்று சொல்ல, உறவினர் வேறொன்று சொன்னால், ஆட்கள் இருவரையும் கேட்க மாட்டார்கள். வெளியிலிருந்து வருபவர் ஒன்றரை ஆண்டில் ராஜினாமா செய்வதற்கு நம் பக்கத்து ஆலைகளில் நான் கண்ட காரணங்களில் இதுவே முதலாவது. அதைச் சரிசெய்ய வேண்டியவர் அவர் இல்லை, குடும்பத் தலைவர்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைந்தது. ஆலையின் உற்பத்திப் பொறுப்பு மேஸ்திரிக்கு. பணம், வங்கி, விற்பனை ஆகியவை மகனுக்கு. ஓசூர்ப் பொறியாளரை ஆகஸ்டிலிருந்து மார்ச் வரையிலான காலத்துக்கு, முறைகளை அமைத்துத் தரவும் மேஸ்திரிக்கும் மகனுக்கும் பயிற்சி தரவும் அழைப்பது. அவர் இசைந்தால் ஒரு பருவத்தை அருகிருந்து பார்க்கச் செய்வது. மேஸ்திரிக்குப் பட்டம் மட்டும் கொடுத்துச் சம்பளத்தை உயர்த்தாமல் விடுவது நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கிற அநீதி. வெளியாளுக்குத் தரத் துணிந்த தொகையில் பாதியாவது அவருக்குத் தர வேண்டும் என்று வற்புறுத்தினேன். மகன் மனம் நோகமாட்டானா என்று பெரியவர் கேட்டார். நோகும் என்றேன். இரண்டு பருவங்கள் இரவு ஷிஃப்டில் மேஸ்திரியோடு நிற்பதற்கு அவர் ஒப்புக்கொண்டால், மூன்றாம் ஆண்டில் இதே கேள்விக்கு என் பதில் மாறக்கூடும் என்றும் சொன்னேன்.

எல்லா ஆலைகளுக்கும் இதே விடை பொருந்தாது. கூழில் பெரும்பகுதியை ஐரோப்பாவுக்கோ பெரிய குளிர்பான நிறுவனங்களுக்கோ அனுப்பும் ஆலைக்கு ஆண்டு முழுவதும் தணிக்கை வந்துகொண்டிருக்கும். அங்கே பொறியாளரைத் தலைமையில் வைத்து, மேஸ்திரிக்குப் பருவகால முழு அதிகாரம் தருவது பொருந்தும். மேஸ்திரி எதற்கும் “சரிங்க” மட்டுமே சொல்பவராக, கிடங்குக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லக்கூடத் துணியாதவராக இருந்தால், அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும், அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். லைனை நிறுத்துவது, லாரியைத் திருப்பி அனுப்புவது, டிரம்மை நிறுத்தி வைப்பது, குறிப்பிட்ட தொகை வரை உதிரிபாகம் வாங்குவது ஆகிய நான்கையும் முதலாளியைக் கேட்காமல் செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, ஆட்கள் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். முதல் பருவத்தில் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரக் கூடாது. அவர் அங்கே இருக்கும் வரை ஓட்டுநர்களும் விவசாயிகளும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன் மேஸ்திரியைத் தனியே பார்த்து, பொறுப்பு வந்தால் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கேட்டார். சூடாக்கும் குழாயில் வெப்பம் குறைந்தால் பழம் வெட்டும் இடம் வரை கேட்கும்படி ஒரு மணி. இரவில் லைனை நிறுத்தியவரிடம் காலையில்தான், அதுவும் தனியே அழைத்துத்தான், காரணம் கேட்க வேண்டும் என்ற உத்தரவு. முதலாவதுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், பாய்லர் வேலையோடு மாசியில் முடித்துவிடலாம். இரண்டாவதைப் பெரியவர் தம் கைப்பட எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். சித்திரை பிறப்பதற்குள் அந்தத் தாள் ஆலைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நான் நேரில் சென்று பார்க்கப் போகிறேன்.